பூரணிக்குச் சொல்லவும்

நாகலெட்சுமி மூன்று பிள்ளைகளைப் பெற்று மூன்றையும் மண்ணுக்குக் கொடுத்தவள். முதலாவது எட்டு மாதம் இருந்தது. இரண்டாவது பதினோரு நாள். மூன்றாவது அழவே இல்லை. அதைப் புதைத்துவிட்டு வந்த அன்று அவள் புருஷன் கந்தப்பன், "இனிமே வேணாம் புள்ள, நமக்கு நாம போதும்" என்றான். அவள் பால் கட்டிக்கொண்ட மார்பைத் துணியால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, பத்து நாள்கூட ஆகாமல் கூடையை மாட்டிக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள்.

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்தில், இரண்டு பிரிவாகக் கிடந்த பெரிய தேயிலைத் தோட்டம் அது. முகட்டுக்கு இந்தப் பக்கம் மேக்கணக்கு. அந்தப் பக்கம், ஆற்றை ஒட்டிக் கீழ்க்கணக்கு. இரண்டுக்கும் தொழிலாளர் குடியிருக்கத் தனித்தனி லயங்கள், தனித்தனி மாரியம்மன். அப்போது அவர்கள் கீழ்க்கணக்கில் இருந்தார்கள். லய வரிசையில் அடுத்த காம்பராவில் சிவசாமியும் அவன் பெண்டாட்டி காளியாயியும். காளியாயி கந்தப்பனை அண்ணன் என்று கூப்பிடுவாள். அதனால் நாகலெட்சுமி அவளுக்கு மதினி.

1949 ஐப்பசி மழையில், தண்ணீர் வடியக் கான் வெட்டிக்கொண்டிருந்த சிவசாமி மேல் மண் சரிந்து விழுந்தது. காளியாயிக்கு அப்போது ஆறாம் மாதம். இடுப்பிலும் கையிலும் முந்தானையிலுமாக ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். இந்தியாவில், துறையூர்ப் பக்கம் ஊரில் இருந்த அவள் அண்ணன் பொன்னையா பிரயாணப் பேப்பருக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அவளைக் கூட்டிப்போக வந்தான். பேப்பரில் காளியாயியின் பேரும் மூன்று பிள்ளைகளின் பேரும் இருந்தன. நாலாவது வயிற்றில் இருந்தது. வயிற்றில் இருப்பதற்கு யார் பேர் எழுதுவார்கள்?

தை மாதம் பெண் பிறந்தது. பூரணி என்று பேர் வைத்தார்கள். ஒரு மாதம் ஆவதற்குள் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டு, தோல் எலும்போடு ஒட்டிக்கொண்டது. பேப்பரில் போட்டிருந்த கெடு முடிய நாலு நாள்தான் இருந்தது. தோட்டத்து மருத்துவிச்சி றோசலின் குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரயிலையும் கப்பலையும் இது தாங்காது. தலைமன்னார் போய்ச் சேருமுன்னயே முடிஞ்சிரும்" என்றாள். தாங்கினாலும் அங்கே பேப்பரில் பேர் இல்லாத பிள்ளையைக் கப்பலேற விடுவார்களா என்பது பொன்னையாவுக்கும் தெரியவில்லை.

காளியாயி புறப்படும் நாள் காலையில் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். கொடுத்து முடித்து, நாகலெட்சுமியின் மடியில் வைத்தாள்.

"ஆறே மாசம் மதினி. இவ பேரச் சேத்து எழுதி வாங்கிட்டு வந்து கூட்டிட்டுப் போயிர்றேன். அதுவரைக்கும் உசுரோட வச்சிருங்க."

"போயிட்டு வா காளியாயி. நான் பாத்துக்கறேன்."

தலவாக்கலைக்குப் போகும் வண்டி வரை மற்ற மூன்று பிள்ளைகளும் அழுதுகொண்டே போனார்கள். காளியாயி அழவில்லை. மூத்தவன் சின்னராசாதான் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

நாகலெட்சுமிக்குப் பால் வற்றிப்போய் இரண்டு மாதமாகியிருந்தது. குழந்தை அழுகிற அழுகையைப் பார்க்கச் சகிக்காமல் வெறும் மார்பைக் கொடுத்தாள். ஐந்தாறு நாள் அப்படியே கொடுத்தாள். ஒரு நாள் குழந்தையின் கடைவாயில் வெள்ளையாக ஒழுகியதைப் பார்த்தாள். முதலில் நம்பவில்லை. விரலால் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு இந்தப் பிள்ளை தன் பிள்ளை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு யார் என்ன சொல்லியும் அது மாறவில்லை.

ஆறு மாதம் கழித்துக் காளியாயியிடமிருந்து கடிதம் வந்தது. கந்தப்பனுக்கும் நாகலெட்சுமிக்கும் எழுத்து தெரியாது. றோசலின்தான் படித்துச் சொன்னாள். போனவர்கள் திரும்பி வருவதற்கு இப்போது புதுச் சட்டம், அங்கே வேலை இருக்கிறது என்று காட்டக் காகிதம் கேட்கிறார்கள், விடமாட்டேன் என்கிறார்கள் என்று எழுதியிருந்தது. பிள்ளையை யாராவது வருகிறவர்களிடம் கொடுத்தனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தது. பேரும் பேப்பரும் இல்லாத பிள்ளையை யார் கூட்டிப்போவார்கள்?

"அய்யோ பாவம்" என்றாள் நாகலெட்சுமி. உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று சாயந்தரம் வீட்டில் அவள் கருப்பட்டி போட்டுப் பாயசம் காய்ச்சினாள். "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கந்தப்பன் கேட்டான். "சும்மாத்தான்" என்றாள். அவன் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு குடிக்காமல் கீழே வைத்துவிட்டான்.

அடுத்த வருஷம் கந்தப்பனுக்குத் தப்பால்காரன் வேலை கிடைத்தது. தோட்டத்துக் கடிதங்களைத் தோல்பையில் போட்டுத் தினமும் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோய், வருகிறவற்றைத் தூக்கிக்கொண்டு வருகிற வேலை. அந்த வேலையோடு மேக்கணக்கில் காம்பராவும் கிடைத்தது. நாகலெட்சுமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முகட்டைத் தாண்டி வந்தாள். இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. இடுப்பில் பிள்ளையோடு வருகிறவளை யார், இது யார் பிள்ளை என்று கேட்பார்கள்? அவள் அதன்பின் ஒரு திருவிழாவுக்குக்கூடப் பூரணியைக் கீழ்க்கணக்குக்குக் கூட்டிப்போகவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் தாயின் பேர் நாகலெட்சுமி என்று எழுதினார்கள்.

காளியாயியின் கடிதங்கள் வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் இரண்டு வந்தன. தப்பால் பை கந்தப்பன் தோளில் இருந்ததால் எந்தக் கடிதமும் லயத்துக்குத் தெரியாது. வரும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போய் றோசலினிடம் படிக்கச் சொல்லிக் கேட்பான். பதிலையும் அவளையே எழுதச் சொல்வான். வந்ததை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு அடுப்புக்கு மேல் பரணில் வைத்தான்.

"சொல்லிருவோம் புள்ள" என்று அவன் முதன்முதலில் சொன்னபோது பூரணிக்கு ஐந்து வயது.

"பள்ளிக்கூடத்துல சேரட்டும். இப்பச் சொன்னா வெளங்குமா?"

பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது. மறுபடி சொன்னான்.

"பெரிய மனுசி ஆகட்டும். அப்பத்தான் மனசு தாங்கும்."

"ஆன பொறகு?"

"கட்டிக்குடுத்துப் போகையில சொல்லிக்கலாம்."

"நீ தள்ளிப்போடுற ஒவ்வொரு நாளும் அந்தப் பொம்பளைக்கு ஒரு வருசம்டி" என்றான் கந்தப்பன். அவன் அவளை 'டி' போட்டுப் பேசியது அந்த ஒரே தடவைதான்.

நாகலெட்சுமிக்கு அவன் சொல்வது விளங்காமல் இல்லை. ஆனால் பூரணி தூக்கத்தில் காலைத் தூக்கி அவள் வயிற்றில் போடுவாள். மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்துவிட்டு வந்து தலையை அவள் மடியில் வைத்து, "பேன் பாரும்மா" என்பாள். அந்தத் தலையை நெருடிக்கொண்டே அவள் நினைப்பாள்: இன்று சொன்னால் நாளைக்கு இந்தத் தலையை இப்படி வைப்பாளா? வைத்தாலும் இதே கனத்தோடு வைப்பாளா?

நாலாம் வகுப்புக்கு வந்ததும் பூரணிக்கு வாசிக்கிற பைத்தியம் பிடித்தது. கருவாடு சுற்றி வந்த பேப்பரை விரித்துப் படிப்பாள். தீப்பெட்டியைப் படிப்பாள். லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் பரணில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள், "இந்தத் தகரத்துல என்னம்மா?" என்றாள். "அப்பாவோட பழைய ஆணி" என்றாள் நாகலெட்சுமி.

மறுநாள் கந்தப்பன் வேலைக்குப் போனதும் தகரத்தைத் திறந்து, கடிதங்களை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தாள். பதினாறோ பதினேழோ இருந்தன. எதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி நீலக் கோடுகள். ஒன்றில் மட்டும், கீழே, எழுத்துக்குப் பதிலாக ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. அதைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு அதையும் வைத்துவிட்டாள்.

கந்தப்பனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. வெறும் தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நம்ம பொருளு இல்ல புள்ள. பூரணியோடது" என்றான். எட்டு நாள் அவளோடு பேசவில்லை.

1963 வைகாசியில் ஒரு கடிதம் வந்தது. றோசலின் படித்துச் சொன்னதைக் கந்தப்பன் வீட்டு வாசலில் நின்று ஒப்பித்தான். காளியாயிக்கு வயிற்றில் கட்டியாம். திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்களாம், கை விரித்துவிட்டார்களாம். பிள்ளையை அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை. பூரணி எழுதப் படிக்கிறாளாமே. அம்மா என்று ஒரு வரி அவள் கையால் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அது போதும் என்று கேட்டிருந்தாள்.

"ஒரு வரிதான புள்ள" என்றான் கந்தப்பன். அவன் கண் கலங்கியிருந்தது. "ஒரு வரி."

"ஒரு வரியோட நின்னுருமா? யாருக்கு, எதுக்குன்னு கேக்கமாட்டாளா?"

"கேக்கட்டும். சொல்லுவோம்."

"தீவாளி போகட்டுங்க. ஒங்க கால்ல விழுறேன். தீவாளி கழிஞ்சு நானே என் வாயால சொல்றேன்."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். கந்தப்பனும் நம்பினான். தீபாவளிக்கு முன்பே புரட்டாசி மழையில் நனைந்து நனைந்து அவனுக்கு மார்ச்சளி கட்டி, மூச்சு வாங்கத் தொடங்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாகலெட்சுமி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பூரணி வாசலில் செருப்பில்லாத காலைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தாள். கையில் ஒரு கார்டு.

"அப்பாவுக்கு வந்திச்சாம். ஆப்பீஸ் கிளாக்கர் எங்கிட்டக் குடுத்தாரு. மூலையில கறுப்பு மை தடவியிருக்குமா. யாரோ செத்துப்போயிருக்காங்க."

"வை அங்கன. அப்பா வந்து பாக்கட்டும்."

"அப்பாவுக்குப் படிக்கத் தெரியுமா? நாந்தான் படிக்கணும்" என்று சிரித்தாள். விளக்கு மாடத்தின் பக்கம் வெளிச்சத்தில் நின்று, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"அன்புள்ள கந்தப்பன் மாமாவுக்கும் நாகலெட்சுமி அத்தைக்கும் சின்னராசா எழுதிக்கொண்டது. எங்கள் தாயார் காளியாயி சென்ற வெள்ளிக்கிழமை விடியற்காலம் காலமாகிவிட்டார்கள். நாலு மாதமாகப் படுக்கைதான். இலங்கையிலிருந்து கடிதம் வந்ததா என்று தினமும் தபால்காரரைக் கேட்கச் சொல்வார்கள். பூரணிக்குச் சொல்லவும். அம்மாவுக்காகத் தலை முழுகச் சொல்லவும். இப்படிக்கு..."

நாகலெட்சுமியின் கை மாவுக்குள் இருந்தது. அதை எடுக்க அவளால் முடியவில்லை.

"பூரணியா? எம் பேரு" என்றாள் பூரணி. "யாரும்மா காளியாயி?"

"முன்ன கீழ்க்கணக்குல இருந்தவ. ஒங்கப்பாவுக்குத் தங்கச்சி மொற."

"அப்ப இந்தப் பூரணி?"

"அவ மக."

"அந்தப் பொண்ணு இங்கயா இருக்கு? அம்மா கூடப் போகலையா?"

"பச்சப் புள்ளையா இருந்திச்சு. சீக்கு. விட்டுட்டுப் போயிட்டா."

அந்தப் பேச்சில் அதுவரை நாகலெட்சுமி ஒரு பொய்யும் சொல்லவில்லை. இன்னும் ஒரே ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. பூரணி கார்டைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கண்ணில் சந்தேகம் எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் நாகலெட்சுமி சொல்லியிருப்பாளோ என்னவோ.

"அது வேற பூரணிம்மா" என்றாள். "கீழ்க்கணக்குப் பூரணி."

பூரணி கார்டை மறுபடியும் ஒரு தரம் மனதுக்குள் படித்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"அந்த அக்காவுக்கு யாரும்மா சொல்றது?"

"அப்பா சொகமாயி வந்து சொல்லுவாரு."

"அவரு எழுந்திரிக்க இன்னும் எத்தன நாளாகுமோ. அதுவரைக்கும் அது பூவ வச்சிக்கிட்டுச் சிரிச்சிக்கிட்டு இருக்குமே. பெத்த அம்மா செத்தது தெரியாம ஒரு புள்ள இருக்கக்கூடாதும்மா. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான? நான் போயிச் சொல்லிட்டு வந்துர்றேன்."

"ஒண்ணும் போகவேணாம். மழ. பாதையெல்லாம் அட்டை."

பூரணி எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை. கார்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "தபால்காரரக் கேக்கச் சொல்லுவாங்களாம் தெனமும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நாகலெட்சுமி கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். புருஷனிடம் சொல்லி அழவேண்டும், அவனையே பிள்ளையிடம் சொல்லச் சொல்லவேண்டும் என்று நினைத்துத்தான் போனாள். கந்தப்பன் தலையணையில் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். "புள்ள வரலையா?" என்று கேட்டான். இந்த நிலையில் எப்படிச் சொல்வது? கஞ்சியைப் புகட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

காம்பராவில் பூரணி இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் கார்டும் இல்லை.

அடுத்த காம்பரா அழகுமுத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். "ஒங்க மகதான? கம்பளியப் போத்திக்கிட்டு மொகட்டுப் பக்கம் போனிச்சு அக்கா. கீழ்க்கணக்குல யாருக்கோ எழவு சொல்லணுமாம்" என்றான்.

நாகலெட்சுமி ஓடினாள். நாற்பது வயதுக்கு மேல் அப்படி ஓடியது அவள் கால்களுக்கே புதிது. தேயிலைச் செடிகள் சேலையைப் பிடித்து இழுத்தன. மழை தூறலாக இருந்தது. வழியெல்லாம் ஒன்றையே நினைத்தாள்: பிடித்துவிட்டால் போதும், முகட்டுக்கு இந்தப் பக்கம் பிடித்துவிட்டால் போதும், அங்கேயே உட்காரவைத்து நானே சொல்லிவிடுகிறேன்.

முகட்டில் ஏறி நின்றபோது பாதையில் யாரும் இல்லை. கீழே, மூட்டத்துக்குள், லயத்துக் கூரைகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. ஒரு கிழட்டுக் குரல் ஒப்பாரியை எடுத்தது. அதன் பின்னால் இன்னொரு குரல். அப்புறம் நாலைந்து. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த லயத்தை விட்டுப் போனவளுக்காக அங்கே பெண்கள் அழத் தொடங்கியிருந்தார்கள்.

நாகலெட்சுமி அந்த ஈரப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் இறங்கிப் போனாள்.

பீலியடியில் பெண்கள் வட்டமாக நின்றார்கள். நடுவில் ஒரு கல்லின்மேல் பூரணி உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். பழைய அடுத்த காம்பராக்காரி பேச்சியம்மா, செம்பு செம்பாகத் தண்ணீரை மொண்டு அவள் தலையில் ஊற்றிக்கொண்டே, "ஒன்னையத் தேடி நீயே வந்தியாடி தங்கம், பூரணி எங்கன்னு நீயே கேட்டியாடி" என்று அழுதாள். பூரணி அழவில்லை. குளிரில் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. நாகலெட்சுமி வந்து நின்றதைப் பெண்கள் பார்த்தார்கள். யாரும் ஏசவில்லை. யாரும் விலகி வழியும் விடவில்லை. இத்தனை வருஷம் அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்துத் தண்ணீர் ஊற்றியவள், அன்றைக்கு மற்றவர்கள் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு எட்டி நின்றாள்.

திரும்பி வரும்போது பூரணி முன்னால் நடந்தாள். நாகலெட்சுமி பத்தடி பின்னால். முகட்டில் பூரணி நின்றாள்.

"எனக்குன்னு எழுதுன கடிதாசியெல்லாம் வந்திச்சாமே. றோசலினம்மா சொல்லித் தெரியும்னு பேச்சியம்மா சொன்னிச்சு. அதெல்லாம் எங்கம்மா?"

இப்போதும் ஒரு பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது, எலி கடித்துவிட்டது என்று சொல்லலாம்.

"எரிச்சுட்டேன்" என்றாள் நாகலெட்சுமி.

அப்போதுதான் பூரணி அழுதாள். செத்துப்போனவளுக்காக அழாத அழுகையெல்லாம் அந்தக் காகிதங்களுக்காக வந்தது. நாகலெட்சுமி கிட்டே போய்த் தோளைத் தொட்டாள். பூரணி தட்டிவிடவில்லை. சாய்ந்துகொள்ளவும் இல்லை.

"நீ சொல்லியிருந்தா நான் ஒன்னைய விட்டுட்டுப் போயிருக்கமாட்டேன்மா" என்றாள் விக்கலுக்கு நடுவே. "எங்க போகப்போறேன்? ஒரு கடிதாசி எழுதியிருப்பேன். அவ்வளவுதான். ஊரு முழுக்கக் கடிதாசி எழுதிக் குடுக்கறேன். அவங்களுக்கு ஒண்ணு எழுதியிருப்பேன்."

வீட்டுக்குப் போகவில்லை. ஈரத் தலையோடு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். விரிந்த தலைமுடியைப் பார்த்ததுமே கந்தப்பனுக்கு விளங்கிவிட்டது. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பூரணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க கேட்டிருக்கீங்கல்ல? அதுல என்ன எழுதியிருந்திச்சு?"

எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குக் காதில் விழுந்ததெல்லாம் அப்படியே தங்கிவிடும். கந்தப்பன் மூச்சு வாங்க வாங்க ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"மொதல்ல வந்ததுல, வர முடியலேன்னு எழுதியிருந்தாங்க. அடுத்ததுல, நீ தவழுறியான்னு கேட்டாங்க. வயித்தோட்டம் நின்னுச்சான்னு கேட்டாங்க. ஒரு தடவ... பள்ளிக்கூடத்துல போடுங்கண்ணே, என்னய மாதிரி பெருவெரல் நீட்டவேணாம்னு எழுதியிருந்திச்சு. அதுக்குத்தான் ஒன்னய ஒரு நாளும் நான் பள்ளிக்கூடம் போகாம நிப்பாட்டல. இன்னொரு தடவ, யாரு சாடைன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன எழுதுனீங்க?"

"தாயி, ஒன்னயவே உரிச்சு வச்சிருக்குன்னு எழுதச் சொன்னேன்."

பூரணி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கடைசியா வந்தது?"

கந்தப்பன் வாசல் பக்கம் பார்த்தான். நாகலெட்சுமி அங்கே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைக் காட்டிக்கொடுக்க அந்த மனுஷனுக்கு அப்போதும் மனம் வரவில்லை.

"அத நான் சொல்றேன்" என்றாள் நாகலெட்சுமி. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். பூரணியின் முகத்தைப் பார்க்காமல், தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சாகப்போறேன்னு எழுதியிருந்தா. ஒன்னய அனுப்பச் சொல்லல. அம்மான்னு ஒரு வரி ஒங்கையால எழுதி அனுப்பச் சொன்னா. ஒங்கப்பா கெஞ்சுனாரு. நாந்தான் வேணாம்னேன். அந்த ஒரு வார்த்த எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்."

பூரணி கந்தப்பனின் கம்பளியை இழுத்து அவன் மார்பு வரை மூடிவிட்டாள். எழுந்து, "வாம்மா, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

அம்மா என்றுதான் கூப்பிட்டாள். அதற்குப் பிறகும் அப்படித்தான் கூப்பிட்டாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளவில்லை, முகத்தைத் தூக்கவில்லை, ஏச்சுப் பேச்சு எதுவும் இல்லை. ஏசியிருந்தால் நாகலெட்சுமிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். பூரணி தன் தலையைத் தானே வாரிக்கொள்ளப் பழகினாள். சின்னராசாவுக்குக் கடிதம் எழுதினாள். அம்மாவுக்குப் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். எடுத்ததே இல்லை என்று பதில் வந்தது. லயத்தில் மற்றவர்களுக்கு வழக்கம்போலக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். படித்துச் சொல்ல மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

கந்தப்பன் எழுந்து நடமாடினான். ஆனால் பழைய பலம் திரும்பவில்லை. தப்பால் பையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். அவன் வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் பால் காய்ச்சும் வேலைக்குப் போனான்.

அடுத்த வருஷக் கடைசியில் இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்துப் போட்டுக்கொண்டன என்ற செய்தி லயத்துக்கு வந்தது. இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துவிட்டார்களாம். யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. பீலியடியில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. நாகலெட்சுமி அந்தப் பேச்சுக்கே காது கொடுக்காமல் பல மாதம் இருந்தாள். கடைசியில் 1965 சித்திரையில் ஒரு சாயந்தரம், பூரணி துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டாள்.

"பேர் எழுத வந்தா நீ எந்தப் பக்கம்மா குடுப்ப?"

பூரணி தாவணியின் முனையை முனையோடு சேர்த்து மடித்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் எங்கயோ அங்கதான்."

"ஒங்க அண்ணன்மாரப் பாக்கணும்னு..."

"அவங்க நல்லவங்கதான். கடிதாசி போடுறாங்க. அவங்க இருந்திருந்தா ஒரு தடவயாச்சும் போயிப் பாக்கணும்னு அழுதிருப்பேன்." அவங்க என்று யாரைச் சொன்னாள் என்று நாகலெட்சுமி கேட்கவில்லை. "இப்ப யாரப் பாக்கப் போறது? நான் இங்கயே இருக்கேன்மா."

பதினைந்து வருஷமாக நாகலெட்சுமி எந்தச் சொல்லைக் கேட்கவேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாளோ, அதே சொல். பிள்ளை போகமாட்டாள். போவதற்கு அவளுக்கு ஆள் இல்லை.

"நீ போகணும்னு அழுதாத் தேவல" என்றாள் நாகலெட்சுமி. குரல் உடைந்துவிட்டது. "அவ இருந்து, நீ என்னய விட்டுட்டுப் போறேன்னு அழுதாத் தேவலம்மா."

பூரணி துணியைக் கீழே வைத்தாள். நாகலெட்சுமியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு கை இடைவெளி இருந்தது. உள்ளே கந்தப்பன் இருமினான். அவள் எழுந்து அவனுக்குச் சுடுதண்ணீர் வைக்கப் போனாள்.